குருவியின் மூலையைப் பிடித்தவர்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருப்பவர் அதைச் சாத்திவிட்டு வாருங்கள், வெளிச் சத்தம் உள்ளே வரவேண்டாம். காலை நீட்ட வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கை தூங்கிப்போன கதையைச் சொல்லப்போகிறேன். உடம்பெல்லாம் விழித்திருக்க, கை மட்டும் தூங்கியது. அதை எழுப்ப வேண்டியவர்களோ பார்க்கிறோம், பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்கும்போது உங்களுக்குக் கண் சொக்கினாலும் பரவாயில்லை. காதை மட்டும் என்னிடம் விட்டுவையுங்கள்.

ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, தேய்த்துத் திருப்பி அனுப்புகிற இடம். உள்ளே நுழைந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. வெந்நீர் ஆவி தரையிலிருந்து எழும்பி, கூரையில் முட்டி, மெதுவாகத் திரும்பி இறங்கும். அதற்குள் மனிதர்கள் பாதி பாதியாகத்தான் தெரிவார்கள். ஒருத்தியின் தலை வரும், தோள் வராது. முதலில் சிரிப்பு வரும், சிரித்தவள் பிறகு வருவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கொஞ்ச நாள் தூக்கத்தில் நடப்பதுபோல் கையை நீட்டி நீட்டி நடப்பார்கள்.

அந்த ஆவிக்கு நடுவில் பெரிய உருளை இயந்திரம். சூடான உருளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஈர விரிப்பின் ஒரு மூலையை ஒருத்தியும் மறு மூலையை இன்னொருத்தியும் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அது மொடமொடவென்று, இளஞ்சூட்டோடு, இப்போதுதான் பிறந்ததுபோல் வெளியே வரும். முன்னால் நிற்கிற இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு இருக்க வேண்டும். ஒருத்தி இழுக்கும் நேரத்தில் இன்னொருத்தி தும்மினால் போதும், விரிப்பு கோணிக்கொள்ளும்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி குள்ளம், சுறுசுறுப்பு, வாய் மூடாத பேச்சு. அவளைக் குருவி என்பார்கள். மற்றவள் நெட்டை. எதற்கும் பதறமாட்டாள், அசைந்து அசைந்து வருவாள். அவள் ஒட்டகம். இந்த ஜோடியை யார் சேர்த்துவைத்தார்களோ தெரியாது, சேர்ந்தபின் யாராலும் பிரிக்க முடியவில்லை.

"மேல காத்து எப்படி இருக்கு, ஒட்டகம்?" என்று குருவி தினமும் கேட்பாள்.

"காத்துக்கென்ன, ஜோரா இருக்கு. கீழ யாரோ கீச்சு கீச்சுன்னு கத்துறதுதான் தாங்க முடியல."

வெளியே வரும் விரிப்புகளை மடிப்பதற்கு மேசையில் இரண்டு பேர். ஒருத்தி பாட்டுக்காரி, எந்தப் பாட்டிலும் முதல் இரண்டு வரி மட்டும் தெரியும். மற்றவள் தூங்குமூஞ்சி. நின்றபடியே தூங்குவாள், தூங்கியபடியே மடிப்பாள், மடிப்பில் ஒரு விரல் பிசகு இருக்காது. ஈரத் துணியை வண்டியில் தள்ளிவருகிறவள் வண்டிக்காரி. இவ்வளவுதான் ஆட்கள். மேற்பார்வை பார்க்கிற சூப்பர்வைசர் ஒரு கண்ணாடி அறைக்குள் இருப்பார். அந்தக் கண்ணாடி எப்போதும் ஆவியில் வியர்த்துப்போயிருக்கும். அவர் துடைப்பார், அது வியர்க்கும், மறுபடி துடைப்பார்.

ஆஸ்பத்திரி விரிப்பு என்றால் அதில் யாரோ படுத்திருப்பார்கள், படுத்தவர் ஏதாவது கனவு கண்டிருப்பார் இல்லையா? துவைத்தாலும் கனவு போகாது என்று இவர்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள்.

"இது கால் ஒடிஞ்சவன் கனவுடி. எப்படி ஓடுறான் பாரு!" என்பாள் குருவி, விரிப்பு உருளைக்குள் விரையும்போது.

"இது யாரோ கஞ்சன் கனவு. விடமாட்டேங்குது," என்பாள் ஒட்டகம், மூலை விரலில் ஒட்டிக்கொண்டால்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. அதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் புழுக்கத்தில் யாருக்காவது தலை சுற்றும், வயிறு பிசையும், மனசு சரியில்லாமல் போகும். அப்படியானால் அவள் பின்னால் போய்ப் போர்வைக் குவியலில் சாய்ந்துகொள்வாள். இன்னொருத்தி சத்தமில்லாமல் வந்து அவள் இடத்தில் நிற்பாள். அதற்கு மூலை பிடிப்பது என்று பெயர். இயந்திரம் நிற்காது, பேச்சு எழாது, கண்ணாடி அறைக்குத் தெரியாது. மடிக்கிறவர்கள் உருளைப் பக்கம் வரக்கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் எழுத்தும் ஆவியில்தானே இருந்தது. பிறகு யார் வந்து கேட்டாலும், 'ஆமாம், அவள் இங்கேதான் இருந்தாள்' என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்தது கிடையாது. மழை வந்தால் குடை விரிப்பதுபோல், கேள்வி வந்தால் அந்தப் பதில் விரிந்துவிடும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை. வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு பெரிய விரிப்பின் ஓரம் உருளையில் கோணலாக ஏறப்பார்த்தது. குருவி எம்பி, நுனிக்காலில் நின்று, தலைக்கு மேலே அதை எட்டிப் பிடித்தாள். விரிப்பு இழுத்தது, இவளும் இழுத்தாள். அப்போது துணி கிழிகிற சத்தம் கேட்டது. கையை விட்டுவிட்டு, "போச்சு, கிழிச்சிட்டேன்!" என்றாள்.

ஒட்டகம் குனிந்து பார்த்தாள். விரிப்பு முழுசாக, அழகாக, உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. குருவியின் வலது கைதான் உடம்போடு ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பிடிச்சிக்கிச்சு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாத, இப்பவே அந்தாளு மூஞ்சி சரியில்ல. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

போர்வைக் குவியலில் போய்ப் படுத்தாள். வலியும் கதகதப்பும் சேர்ந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டன. கனவில் வெள்ளை விரிப்பு ஒன்று படகுபோல் மிதந்தது, அவள் அதில் படுத்திருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் தனியாக இன்னொரு விரிப்பில் ஏறி, வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. கண் விழித்தபோது வேலை நேரம் முடிந்திருந்தது. அவளுடைய வருகை அட்டையையும் சேர்த்து இயந்திரத்தில் அடித்துவிட்டு, ஒட்டகம் அவள் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை குருவி எழுந்தாள், கை எழவில்லை. அவள் புருஷன் முடிவெட்டுகிற தொழில். ஊரில் எல்லாருடைய தலையும் அவன் கைக்குள், எல்லாருடைய கதையும் அவன் வாய்க்குள். அவன் அவளை உட்காரவைத்து, கையைத் தொட்டுப் பார்த்து, முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் இருந்தான். அதிலேயே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் அன்றைக்குத்தான் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. அடடா என்றார், மேலே எழுதி அனுப்பினார்.

டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தோள்ல தசைநார் கிழிஞ்சிருக்கும்மா. தைக்கணும். சீக்கிரம் தைச்சா கை பழையபடி தலைக்கு மேல போகும். விட்டுட்டா அந்த நார் சுருங்கிக்கிட்டே போகும். அப்புறம் இழுத்துத் தைக்க முடியாது."

"எவ்வளவு சீக்கிரம் சார்?"

"கம்பெனி நஷ்டஈட்டுலதான செய்யணும்? அவங்க சரின்னு சொன்ன அடுத்த நாளே வாங்க."

அந்தச் சரிக்காகத்தான் காத்திருப்பு தொடங்கியது. வேலையில் அடிபட்டவருக்கு மருத்துவச் செலவும் பாதிச் சம்பளமும் கொடுக்க ஆலை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தது. அது எங்கோ உயரமான கட்டடத்தில் இருந்தது. குருவி போன் பண்ணுவாள். ஒரு பாட்டு வரும். பாட்டுக்காரி பாட்டுபோல முதல் இரண்டு வரியோடு அது திரும்பத் திரும்பச் சுற்றும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். திடீரென்று இனிமையாக ஒரு குரல் வந்து, பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லும். இன்னொரு நாள், டாக்டரின் குறிப்பு இன்னும் வரவில்லை என்று சொல்லும். டாக்டரோ அனுப்பியாகிவிட்டது என்பார். அந்தக் குரல் அடுத்த முறை வேறு குரலாக இருக்கும், அதற்கு முந்தைய குரல் சொன்னது தெரியாது. உங்கள் வயதுக்குத் தோள் தானாகவே தேய்ந்திருக்கலாமே என்று கேட்கும். கம்பெனியின் டாக்டர் ஒருவரும் பார்க்க வேண்டும் என்று சொல்லும். அவருக்கு நேரம் கிடைக்க மழைக்காலமே தீர்ந்துவிட்டது.

அந்த நாட்களில் அவளுக்குப் பகலும் தூக்கமும் கலந்துபோயின. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், வெயில் சுவரில் நகர்வதைப் பார்ப்பாள். மனுவெல்லாம் அந்த உயரமான கட்டடத்தில் பெரிய உருளை ஒன்றுக்குள் போகிறதாம், மறுபக்கம் யாரும் மடிக்கக் காத்திருக்கவில்லையாம், அது சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். இப்படி ஒரு கனவு அடிக்கடி வந்தது. கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதனோடு பேசுவாள்.

அவளால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. முடிவெட்டுகிறவன்தானே பக்கத்தில் இருக்கிறான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு வெட்டத்தான் தெரியும், பின்னத் தெரியாது.

"இது என்னங்க, ஜடையா, சிக்கா?" என்பாள், கண்ணாடியைப் பார்த்து.

"புது மாடல். இத்தனை வருஷம் குறைச்சே பழகின கை. நீளத்தைக் கண்டா பயமா இருக்கு."

"ஆடாம பின்னுங்க."

"நீ தலைய ஆட்டாம பேசு. அது முடியாதே, எனக்குத் தெரியும்."

அவள் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் இருவரும் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்ப்பார்கள். கை அசையாமல் கிடக்கும்.

இதற்கிடையில் ஆலையில் ஒன்று நடந்தது, குருவிக்குத் தெரியாது. ஒரு நாள் கண்ணாடி அறைக்குள் போன் வந்தது. சூப்பர்வைசர் வெளியே வந்து, "உங்ககிட்ட ஒவ்வொருத்தரா பேசணுமாம்," என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். முதலில் ஒட்டகம் போனாள். போனில் மரியாதையான ஓர் ஆண் குரல், குருவியைப் பற்றிக் கேட்டது. "அன்னைக்கு அவங்க வேலை நேரம் முழுக்க மெஷின்லயே இருந்தாங்களாம்மா?"

குருவி போர்வையில் படுத்ததை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள், வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறார்கள் என்று இவள் நினைத்தாள். "இருந்தா சார். கடைசி வரைக்கும் இருந்தா. அவளை மாதிரி வேலைக்காரி கிடையாது," என்றாள் அழுத்தமாக. அடுத்து பாட்டுக்காரி போனாள். "நகரவே இல்ல சார்." பிறகு தூங்குமூஞ்சி. "நான் கண்ணு சிமிட்டாம பார்த்துட்டிருந்தேன் சார்." வண்டிக்காரியும் அதையே சொன்னாள். வெளியே வந்து ஆவிக்குள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். குருவியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு டீ குடிக்கும்போது அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கொஞ்ச நாளில் குருவிக்குப் பதில் கடிதம் வந்தது. நஷ்டஈடு கிடையாது.

அவள் அதை எடுத்துக்கொண்டு தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எட்டு விரல் அண்ணன் இருந்தார். மரம் அறுக்கிற இடத்தில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர். அதற்குப்பின் இந்த மாதிரி வழக்குகளோடேயே குடித்தனம்.

"உட்காரும்மா. முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. தாமதம் வேற, மறுப்பு வேற. தாமதம்னா யாரு முகத்தையும் பார்க்க முடியாது. பனியில குத்துச்சண்டை போடுற மாதிரி. மறுப்புன்னா காரணம் சொல்லியே ஆகணும். காரணம் சொல்லிட்டா ஆளு வெளிச்சத்துக்கு வந்துட்டான்னு அர்த்தம். இப்பத்தான் நாம சண்டை போடலாம்."

"என்ன காரணம்ணே சொல்லியிருக்காங்க?"

அவர் படித்தார். மூக்கைச் சொறிந்தார். "அன்னைக்கு அடிபடவே இல்லயாம். தோள் கிழிஞ்சவ எப்படி நாள் பூரா உருளைக்கு விரிப்பு கொடுக்க முடியும்னு கேக்குறாங்க. நீயும் அன்னைக்கே சொல்லல, மறுநாள்தான் சொல்லியிருக்க. வீட்டுல போய் அடிபட்டிருப்பன்னு சொல்றாங்க. கூட வேலை பாக்குறவங்க நாலு பேரும் நீ கடைசி வரைக்கும் நின்னன்னு சாட்சி சொல்லியிருக்காங்க."

குருவிக்கு எல்லாம் புரிந்தது. அந்தக் கணம் அந்த அறை கொஞ்சம் மிதந்தது என்று பிற்பாடு சொன்னாள். மேசை, நாற்காலி, அண்ணனின் எட்டு விரல் எல்லாம் ஆவிக்குள் இருப்பதுபோல் விலகிப் போயின.

"அண்ணே, அவங்க என் மூலையப் பிடிச்சாங்க. என் நல்லதுக்குத்தான் அப்படிச் சொல்லியிருப்பாங்க."

"அப்ப விசாரணைல வந்து உண்மையச் சொல்லச் சொல்லு. மேல்முறையீடு பண்ண இன்னும் நாள் இருக்கு."

"சொன்னா அவங்க வேலை?"

அண்ணன் அந்தக் கடிதத்தை மடித்து வைத்தார். "மடிக்கிறவங்க உருளைல நின்னது தப்பு. போன்ல பொய் சொன்னது தப்பு. கம்பெனி சும்மா இருக்கும்னு நான் உனக்குச் சத்தியம் பண்ண முடியாதும்மா."

"அப்ப வேணாம்ணே."

"கை?"

அவள் கையைப் பார்த்தாள். "தூங்கட்டும்," என்றாள். மேல்முறையீட்டுக்குக் கையெழுத்து மட்டும் போட்டாள், இடது கையால். யாரிடமும் சொல்லக்கூடாது என்று புருஷனிடமும் சத்தியம் வாங்கினாள்.

முடிவெட்டுகிறவனிடம் சத்தியம் வாங்குவது சல்லடையில் தண்ணீர் அள்ளுகிற வேலை. மறுநாளே ஒட்டகத்தின் புருஷன் அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். கழுத்தில் துணியைக் கட்டி, கத்திரியைக் கையில் எடுத்தால் இவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். பாதித் தலை வெட்டுவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. மீதித் தலைக்கு மீதிக் கதை.

சாயங்காலம் ஒட்டகம் வந்தாள். எப்போதும் அசைந்து வருகிறவள் அன்றைக்கு விறுவிறுவென்று வந்தாள். குனியாமல் நுழைந்ததில் நிலையில் தலை இடித்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"என்னடி நினைச்சிட்டிருக்க மனசுல? பெரிய தியாகியா நீ?"

"முதல்ல உட்காரு. தலை வீங்குது பாரு."

"வீங்கட்டும்! உன் கை சுருங்குதாம், என் தலை வீங்கினா என்ன? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்ட. அதனாலதான் கேக்கல."

ஒட்டகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தாலும் குருவி உயரம் இருந்தாள். "நான்தான்டி உன் கைய எடுத்துக் கொடுத்துட்டேன். போன்ல. எவ்வளவு பெருமையா சொன்னேன் தெரியுமா? கடைசி வரைக்கும் இருந்தான்னு." குருவி இடது கையால் அவள் தலையில் இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டாள். பக்கத்து அறையில் முடிவெட்டுகிறவன் மூச்சுக்கூட விடாமல் ஒளிந்திருந்தான்.

"நான் வந்து சொல்றேன்," என்றாள் ஒட்டகம். "மத்தவங்க பேரை இழுக்க மாட்டேன். என் பாடு நான் பாத்துக்கறேன்."

விசாரணை ஒரு வெள்ளைத் திரை போட்ட அறையில் நடந்தது. குளிர்சாதனத்தின் முணுமுணுப்பில் எல்லாருக்கும் கொட்டாவி வந்தது. நடுவில் விசாரணை அதிகாரி அம்மாள். ஒரு பக்கம் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், சின்ன வயசு, தணிந்த பேச்சு. இந்தப் பக்கம் குருவி, அவள் புருஷன், எட்டு விரல் அண்ணன். பின் பெஞ்சில் பாட்டுக்காரி, வண்டிக்காரி, தூங்குமூஞ்சி மூவரும். நாங்கள் சும்மா துணைக்கு வருகிறோம், வாயைத் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். தூங்குமூஞ்சி வந்ததும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சூப்பர்வைசரைக் கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். "கண்ணாடி வழியா ரெண்டு உருவம் தெரிஞ்சுது மேடம். எப்பவும் ரெண்டு உருவம்தான் தெரியும்."

குருவியைக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். பிறகு யார் உன் இடத்தில் நின்றார்கள் என்றபோது, "படுத்திருந்தேன் மேடம், பார்க்கல," என்றாள். உண்மையும் அதுதான்.

பிறகு ஒட்டகம் எழுந்தாள். "அவளுக்கு அடிபட்டது நிஜம் மேடம். நான்தான் படுக்க வெச்சேன். போன்ல நான் சொன்னது பொய்."

வக்கீல் மெதுவாகக் கேட்டார். "ரெண்டு பேர் பிடிக்காம விரிப்பு உள்ள போகாதுன்னு நீங்களே சொல்றீங்க. அன்னைக்கு மெஷின் நிக்கவே இல்ல. அப்போ இன்னொரு மூலையப் பிடிச்சது யாரும்மா?"

"நான்தான்."

"ரெண்டு மூலையுமா?"

"ரெண்டும் நான்தான். எனக்குக் கை நீளம் சார்." சொல்லிவிட்டு அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வக்கீல் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ளப் பின்னால் சாய வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கைகள் ஒரு விரிப்பின் அகலத்துக்கு எங்கே எட்டும்? எல்லாருக்கும் தெரிந்தது. அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் வழக்கு கை நழுவிப் போவது எட்டு விரல் அண்ணனுக்குத் தெரிந்தது.

அப்போது பின் பெஞ்சில் குறட்டை நின்றது.

"ஏய் ஒட்டகம், ரெண்டும் நீயா? அப்ப நான் பிடிச்சது யாரோட மூலைடி?"

"யாரும்மா அது?" என்றார் அதிகாரி.

பாட்டுக்காரி தூங்குமூஞ்சியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருடி, தூக்கத்துல உளறாத."

"உட்கார மாட்டேன். என் வாழ்க்கையில ஒரே ஒரு நாள் முழுசா முழிச்சிருந்து வேலை செஞ்சிருக்கேன். அதையும் இவ தன் கணக்குல போட்டுக்கிட்டா எப்படி?"

"முழுசாவா?" பாட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "நீ டீ வர்ற வரைக்கும்தான் நின்ன. அதுக்கப்புறம் இந்த விரல்ல சூடு பட்டது எனக்கு. இதோ பாருங்க மேடம், தழும்பு."

"ஆமா, நீங்க ரெண்டு பேரும்தான் ஆலையத் தூக்கி நிறுத்தினீங்க. கடைசி நேரத்துல வண்டிய அப்படியே விட்டுட்டு ஓடிவந்து பிடிச்சது யாராம்?" இது வண்டிக்காரி.

"நீ பிடிச்சதுலதான் விரிப்பெல்லாம் கோணலா வந்துச்சு! மடிக்க முடியாம நான் பட்ட பாடு!" என்றாள் பாட்டுக்காரி.

ஒட்டகம் விரித்த கையை மடக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள். குருவி அழுதாளா சிரித்தாளா என்று அவள் புருஷனுக்கே தெரியவில்லை.

அதிகாரி அம்மாள் மேசையைத் தட்டினார். "ஒவ்வொருத்தரா பேசுங்க. எல்லாரும் ஒண்ணு சொல்லுங்க. போன்ல கேட்டப்ப அவங்க கடைசி வரைக்கும் இருந்தாங்கன்னு ஏன் சொன்னீங்க?"

பாட்டுக்காரிதான் பதில் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கேக்குறவங்க எதுக்குக் கேக்குறாங்கன்னு எங்களுக்கு எப்பவுமே தெரியாது மேடம். தெரியாதப்ப நாங்க இருந்தான்னுதான் சொல்லுவோம். யாரைப் பத்திக் கேட்டாலும். அதால அவ கை போகும்னு யாரு கண்டா?"

வக்கீல் அதற்குமேல் கேட்கவில்லை. கிழிசல் புதுசு, தேய்மானம் இல்லை என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் எழுதியதை எட்டு விரல் அண்ணன் எடுத்து வைத்தார். குருவி எழுந்து, "இவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது மேடம்," என்றாள். "அது என் கையில இல்லம்மா," என்றார் அந்த அம்மாள். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது.

தீர்ப்பு குருவி பக்கம் வந்தது. உயரமான கட்டடம் சரி என்றது. அடுத்த நாளே டாக்டர் தோளைத் திறந்தார். மயக்க மருந்தில் குருவி வெகு தூரம் போனாள். வெள்ளை விரிப்புகள் கடல்போல் பரந்து கிடந்தன. அவளுடைய கை தூரத்தில் ஒரு விரிப்பில் சுருண்டு படுத்திருந்தது. பக்கத்தில் போய், "போதும், எந்திரி," என்றாள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததாம்.

கட்டைப் பிரித்தபின் டாக்டர் கையை மெல்ல உயர்த்தினார். இடுப்பு, மார்பு, தோள், காது. காதோரம் வந்து நின்றது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் விட்டார். சுருங்கின நார் சுருங்கினதுதான். பரிசீலனை, குறிப்பு வரவில்லை, இன்னொரு டாக்டர் என்று போன நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

நான்கு பேருக்கும் ஆலை எச்சரிக்கை கொடுத்தது. வேலை போகவில்லை. பாட்டுக்காரியை மட்டும் வேறு நேரத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவள் இரண்டு வரி பாடுகிறாள். குருவி இனி உருளைக்குப் போக முடியாது. மடிப்பு மேசையில் தூங்குமூஞ்சிக்கு எதிரே நிற்கிறாள். அங்கே இப்போதும் மூலை பிடிக்கிறார்கள். ஆனால் யாருக்காவது அடிபட்டால் முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார்கள். இயந்திரம் நிற்கிறது. ஆவி இறங்குகிறது. எல்லார் முகமும் தெளிவாகத் தெரிகிறது. யாருக்கு, எப்போது, எங்கே வலி என்று சூப்பர்வைசர் காதில் விழுகிறமாதிரி கத்திச் சொல்கிறார்கள். சொன்னபிறகுதான் கை கொடுக்கிறார்கள். ஒட்டகத்தின் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிசாகக் கேட்கும் என்று சொல்கிறார்கள்.

போன வாரம் குருவி சூடான விரிப்பு ஒன்றை எடுத்து உதறினாள். இரண்டு கையாலும். ஒரு பக்கம் உயரமாக, ஒரு பக்கம் காதளவாக, அது சாய்ந்து விரிந்தது. தூங்குமூஞ்சி கண்ணைத் திறக்காமலே தன் பக்கத்தைத் தாழ்த்திச் சரிசெய்துகொண்டாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் உழைக்கப் போகிற கைகளெல்லாம் அலுப்போடு மட்டும் திரும்பி வரட்டும். அடிபட்டுவிட்டால் அன்றைக்கே சொல்ல வாய் வரட்டும், கேட்கக் காது இருக்கட்டும், நீங்கள் தட்டுகிற கதவு நாளைக்கு என்று சொல்லாமல் திறக்கட்டும். உங்களுக்காகப் பொய் சொல்லவும் உங்களுக்காகவே உண்மையை உடைக்கவும் கூடிய நாலு பேர் உங்கள் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். வீடு நிறைந்து, நிம்மதியாகத் தூங்கி, முழு உடம்போடு விழித்தெழுங்கள். நல்லா இருங்கள்.